மூன்றாவது ஓலை

1

மேகன் என்னிடம் களப்பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி. சமூகப்பணியில் முதுகலை படிக்கிறாள். இங்கே லீட்ஸில் அரசு மனநலக் குழு ஒன்றில் நான் பத்தொன்பது வருடமாகச் சமூகப்பணியாளர். வருடத்துக்கு ஒரு மாணவரையாவது என் தலையில் கட்டிவிடுவார்கள். நூறு நாள் கூடவே வைத்துக்கொண்டு, இவர் இந்த வேலைக்குத் தேறுவாரா மாட்டாரா என்று கடைசியில் நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குப் போனோம். தெருமுனையிலேயே காரை நிறுத்தினேன். வீட்டு வாசலில் இடம் இருக்கிறதே என்றாள் மேகன். இருக்கட்டும், நடப்போம் என்றேன். நான்கு வீடு முன்னதாகவே கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடச் சொன்னேன். வேறு யாராவது கதவைத் திறந்தால் எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லாதே, மேகன் வந்திருக்கிறேன் என்று பெயரை மட்டும் சொல் என்றேன்.

திரும்பி வரும்போது அவள் கேட்டாள். "ரகசியம் காப்பது பற்றி எங்களுக்கு மூன்று வாரம் பாடம் எடுத்தார்கள். காரை எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் எங்கே படித்தீர்கள்?"

தூத்துக்குடிப் பக்கம் என்றேன். நல்ல கல்லூரி போலிருக்கிறது என்றாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

2

பட்ட காலிலே படும் என்பார்கள். அதே வாரம் அந்தக் கல்லூரியிலிருந்தே ஒரு படிவம் வந்தது. சமூகப்பணித் துறையில் எங்கள் வகுப்பு படிப்பை முடித்து இருபத்தைந்து வருடமாகிறதாம். பழைய மாணவர்கள் எல்லாரும் கைப்பேசியிலேயே நிரப்பி அனுப்ப வேண்டும். நாலாவது கேள்வி இது: "பொது மனநலத் துறையில் பணியாற்ற இப்படிப்பு உங்களை எந்த அளவுக்குத் தயார்படுத்தியது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுக." கீழே காரணம் எழுத ஒரு பெட்டி.

அனுப்பியவள் கிரேஸ். நாசரேத்துக்காரி, என் வகுப்புத் தோழி, இப்போது துறைத்தலைவி. நான் நிரப்பவில்லை என்றதும் மூன்றாம் நாள் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏளா கோதை, அந்த ஃபார்ம் என்னாச்சு? எல்லாத்துக்கும் அஞ்சு போட்டு அனுப்பு. அடுத்த மாசம் தர மதிப்பீட்டுக் குழு வருது. நம்ம செட்டுல நீ ஒருத்திதான் வெளிநாட்டுல கவர்மெண்ட் வேலைல இருக்க."

"யோசிச்சுப் போடணும்ளா."

"இதுல என்னத்த யோசிக்க? கல்யாண வீட்டுல சாப்பாடு எப்படின்னு கேட்டா நல்லாருக்குன்னு சொல்லமாட்டமா, அது மாதிரிதான். அப்புறம் கேளு, ஒன் கேஸ் ரிப்போர்ட்ட இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். வருசா வருசம் புதுப் பிள்ளைகளுக்கு அதத்தான் மாதிரின்னு காட்டுதேன். குழு வந்தா மேசைல எடுத்து வைப்பேன்."

அந்த அறிக்கையை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறக்க விடவும் மாட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சமூகப்பணியாளராகப் பெயர் பதிவதற்கு ஒன்றரை வருடம் அலைந்தேன். பாடத்திட்டத்தை முத்திரையிட்ட உறையில் கல்லூரியே அனுப்ப வேண்டும் என்றார்கள். கல்லூரி அனுப்பியது, உறையில் முத்திரை சரியாக விழவில்லை என்று திரும்பியது. களப்பணி மணிநேரத்துக்குச் சான்று கேட்டார்கள். நேரடியாக ஒரு குடும்பத்தோடு வேலை செய்ததற்கு எழுத்து ஆதாரம் கேட்டார்கள். நான் கொடுத்தது அந்த அறிக்கையைத்தான். அதைப் படித்துப் பார்த்துத்தான் எனக்குப் பதிவு எண் தந்தார்கள். இங்கே நான் தின்கிற சோறு அந்தப் பதினெட்டுப் பக்கத்தின் மேல் நிற்கிறது.

3

அந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரையில். பெயர் சொல்லமாட்டேன். அந்த வீட்டாரின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அண்ணன் சேவியர், தங்கை பிலோமி, அம்மா. அப்பா இல்லை. சேவியர் சங்கு குளிக்கப் போகிறவர். இருபத்தெட்டு வயது. தண்ணீருக்குள் யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஆரம்பித்து, பிறகு கரையிலும் அதே குரல் கேட்க, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரு தொண்டு நிறுவனம் மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல முகாம் நடத்தியது. அங்கே மாத்திரை வாங்கினார். கொஞ்சம் தேறினார். அப்புறம் இரண்டு மாதமாக ஆளைக் காணோம். ஏன் வரவில்லை என்று போய்ப் பார்ப்பது களப்பயிற்சி மாணவியான என் பொறுப்பு.

நான் ஆழ்வார்திருநகரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அங்கிருந்து அந்தக் கடற்கரைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நான் கோயில் தெருவை விட்டு எங்கே போயிருக்கிறேன்? எனக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை தெரியும், மார்கழி தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பள்ளிக்கூடம் கிடையாது, அவ்வளவுதான்.

குடும்பத்தார் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டையும் கூட்டிப் பார்த்து, என்னைப் போல் கெட்டிக்காரி உண்டா என்று நானே மெச்சிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். நிறுவனத்தின் ஜீப்பைக் கேட்டு வாங்கினேன். அதன் இரண்டு பக்கமும் மஞ்சள் பெயிண்டில் "நடமாடும் மனநல மருத்துவ ஊர்தி" என்று கொட்டை எழுத்து.

ஊருக்குள் நுழையும்போது டிரைவர் அண்ணாச்சி வண்டியை மெதுவாக்கினார். "இங்கனயே ஓரமா நிப்பாட்டட்டுமாம்மா? நடந்து போயிட்டு வந்துருங்களேன்." வேண்டாம், வீட்டு வாசலுக்கே போங்கள் என்றேன். வீடு எது என்று தெரியவில்லை. ஒரு கடையில் நிறுத்தி, முகாமில் மாத்திரை வாங்குகிற சேவியர் வீடு எங்கே என்று ஜீப்பில் இருந்தபடியே கேட்டேன். கடைக்காரர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

பூசை முடிந்து ஊரே மாதா கோயிலிலிருந்து வெளியே வருகிற நேரம். ஜீப் அந்த வீட்டு வாசலில் நின்றது.

அம்மா வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. நோட்டோடு வருகிற பெண் எவளும் அந்த ஊருக்கு டீச்சர்தான். "வாங்க டீச்சரம்மா, வெயில்ல வந்திருக்கீய. உள்ள வந்து ஒருவாய் தண்ணி குடிங்க." உள்ளே சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வாடகை நாற்காலிகள் மூலையில் அடுக்கியிருந்தன. பிலோமி புதுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். "வீடு சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது" என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"ரெண்டு மாசமா ஏன் முகாமுக்கு வரல? மாத்திரை சாப்பிடுறாரா இல்லையா?" என்று கேட்டேன். எனக்கு வகுப்பில் பேசிப் பேசிக் குரல் கொஞ்சம் பெரிது.

"அவனுக்கு ஒண்ணுமில்ல டீச்சரம்மா. அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

பிலோமி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

4

பத்து நாள் கழித்து சுகாதார நிலையத்துக்குப் போனபோது நர்ஸ் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த ஊர்க்காரர்தான். அவர் சொல்லித்தான் ஓலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கல்யாணம் நிச்சயமானால் மணமக்களின் பெயரைக் கோயிலில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் ஊரைப் பார்த்துக் கேட்பார். மூன்று ஓலையும் வாசித்த பிறகுதான் தாலி.

நான் போன அன்று காலையில் பிலோமிக்கு இரண்டாவது ஓலை வாசித்திருக்கிறார்கள். சாமியார் கேள்வியைக் கேட்டு அரைமணி நேரம் ஆகியிருக்காது. பதிலை நான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கியிருக்கிறேன். மாப்பிள்ளையின் சித்தி அதே தெருவில் இருந்தாராம்.

"அடுத்த ஞாயிறு மூணாவது ஓல வாசிக்கலம்மா. சாமியார் வேற ரெண்டு பேரு கல்யாணத்த வாசிச்சிட்டு நிப்பாட்டிட்டாரு. அந்தப் பிள்ள முன்வரிசைல இருந்துச்சு" என்றார் நர்ஸ் அக்கா. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன், பஸ்ஸில், நடந்து. கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தார்கள்.

அறிக்கை கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. நடந்ததை எழுதியிருக்கலாம். ஜீப், கடை, ஓலை எல்லாம். எழுதினால் எனக்கு மார்க் போய்விடும் என்று பயந்தேன். அதை இன்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் எழுதிய முடிவுரை இது: "நோயாளியின் குடும்பத்தினர் நோயை ஏற்க மறுக்கின்றனர். மாத்திரையை நிறுத்திவிட்டனர். சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை." பேராசிரியர் அந்த வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, நல்ல அவதானிப்பு என்று ஓரத்தில் எழுதினார்.

5

படிவம் ஒரு வாரமாக என் கைப்பேசியில் கிடந்தது. என் மகன் முகுந்தனுக்கு இருபது வயது, இங்கேயே பிறந்தவன். சமையலறையில் நான் அதை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்து, "மூணு போடும்மா. மூணு போட்டா ஒருத்தரும் ஏன்னு கேக்கமாட்டாங்க" என்றான். அவனுக்கு விஷயத்தைச் சொன்னேன். ஓலையை விளக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது டேட்டா பிரீச்சும்மா. அவங்க கம்ப்ளைன்ட் பண்ணலையா?" என்றான்.

யாரிடம் பண்ணுவார்கள் என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. அவன் வளர்ந்த ஊரில் எதற்கும் புகார் சொல்ல ஒரு முகவரி இருக்கிறது. என் கதையில் அவனுக்கு ஒரு விதிமீறல் தெரிகிறது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் தெரியவில்லை. அவன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய, அறிக்கை எழுதியபோது எனக்கும்தான் அவள் தெரியவில்லை.

நேர்மையாகச் சொன்னால் எங்கள் படிப்பு மோசமில்லை. வாரத்தில் இரண்டு நாள் வெயிலில் ஊர் ஊராக அனுப்பினார்கள். முன்பின் தெரியாத வீட்டில் போய் உட்காரும் துணிச்சலை அதுதான் தந்தது. மேகனுக்குச் சட்டம் எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒருவர் அழுதால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பேனாவைத் திருகுகிறாள். இரண்டு படிப்பிலும் குறை வேறு வேறு. ஒன்று மட்டும் பொது. நாங்கள் யாருடைய வீட்டுக்குள் போனோமோ அவர்கள் எங்களுக்கு மார்க் போடுவதில்லை. இங்கே பேருக்கு ஒரு தாள் உண்டு. மாணவியைப் பற்றி நோயாளி நாலு வரி எழுதித் தர வேண்டும். யாரிடம் அந்தத் தாளைக் கொடுப்பது என்பதை மாணவியே முடிவுசெய்வாள். மேகன் இரண்டு பேரிடம் வாங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் தங்கமான மனுஷர்கள். அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திய மூன்றாவது ஆளிடம் அவள் கேட்கவே இல்லை.

அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது. கிரேஸைக் கூப்பிட்டேன். அந்தக் கடற்கரைக்கு இன்னும் அவள்தான் மாணவர்களை அனுப்புகிறாள். பிலோமியிடம் பேச வேண்டும், அவள் சம்மதித்தால் மட்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். கிரேஸுக்கு அன்றுவரை அது தெரியாது.

"இத்தன வருசம் கழிச்சு என்னத்துக்குளா போய்க் கிண்டுத? கெடக்குதது கெடக்கட்டும்."

"நீ வருசா வருசம் மாதிரின்னு காட்டுதியே கிரேஸ், அது எப்படிக் கெடக்கும்?"

நாலு நாள் கழித்துப் பதில் அனுப்பினாள். பிலோமி இப்போது தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். "கூப்பிடச் சொல்லுங்க, ஞாயித்துக்கெழம மட்டும் வேண்டாம்" என்று சொன்னாளாம்.

6

புதன்கிழமை கூப்பிட்டேன். எனக்குக் காலை, அவளுக்குச் சாப்பாட்டு நேரம். பின்னால் கடையில் யாரோ சேலை நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பேரைச் சொல்லி ஆரம்பிக்கும் முன்பே, "ஜீப்புல வந்த டீச்சர்தான?" என்றாள்.

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அது போச்சு. நாலு வருசம் கழிச்சு எனக்குக் கல்யாணம் ஆச்சு. கப்பல்காரர். அவருகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன், அண்ணனுக்கு இப்படின்னு. தெரிஞ்சுதான் கெட்டுனாரு. அம்மாதான் அந்த வருசத்தோட கோயில்ல முன்னால போய் இருக்கத விட்டுட்டாவ."

சேவியரைக் கேட்டேன்.

"நல்லா இருக்கான். ஐஸ் பிளான்ட்டுக்கு வேலைக்குப் போறான். மாத்திர சாப்பிடுதான்."

"எப்ப இருந்து மறுபடியும் சாப்பிட ஆரம்பிச்சாரு?"

"மறுபடியுமா?" அவளுக்கு நான் கேட்டது விளங்கவில்லை. "எப்ப நிப்பாட்டினான்?"

ரெண்டு மாசம் முகாமுக்கு வரவில்லையே என்றேன்.

"முகாமுக்கு வரலதான். பொண்ணு பாக்க வந்தாவல்ல, அந்த வரிசைல போய் நிக்க முடியுமா? நான் அவனக் கூட்டிக்கிட்டு பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தெருவுல ஏரல் சந்தைக்குப் போறம்னு சொல்லிருவோம். வரும்போது பஸ் ஸ்டாண்டுல கத்திரிக்காயும் முருங்கக்காயும் வாங்கிட்டு வந்து எறங்கணும், கைய வீசிக்கிட்டு வந்தா கேப்பாவல்ல. நீங்க வந்த அன்னைக்கும் மாத்திர வீட்டுலதான் இருந்துச்சு. மாதா படத்துக்குப் பின்னால. நீங்க சத்தமாக் கேட்டிய. வாசல்ல ஊரே நிக்கி. அம்மா எப்படி எடுத்துக் காட்டுவாவ?"

இருபத்தைந்து வருடமாக ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். போயிருக்கவே தேவையில்லை என்பது எனக்குத் தெரியாது.

"பிலோமி, நான் ஒரு அறிக்கை எழுதினேன்" என்றேன். சொல்லாமல் வைத்துவிடலாம், அவள் கேட்கவில்லை. என்றாலும் படித்தேன். நோயை ஏற்க மறுக்கின்றனர், மாத்திரையை நிறுத்திவிட்டனர், ஒத்துழைக்கவில்லை. மூன்று வரியையும்.

"அப்புறம் பதினோரு வருசம் அந்தக் காய்கறிப் பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டு வந்தேன்" என்றாள் பிலோமி. பிறகு, "அது பரீச்சைக்கு எழுதுனதா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எத்தன மார்க்கு போட்டாவ?"

"வகுப்புலயே அதுதான் கூட."

"நல்லா எழுதியிருப்பீய" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸ் என்றால் சொல்வோமே, அப்படித்தான் சொன்னாள். கடையில் ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கே படிவத்தை எடுத்தேன். நாலாவது கேள்விக்கு இரண்டு போட்டேன். அந்த அறிக்கையை யாருக்கும் மாதிரியாகக் காட்டாதே என்று கிரேஸுக்குத் தனியாக எழுதினேன். குழு வந்துவிட்டுப் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் போட்டாள். காரணம் எழுதும் பெட்டியில் நடந்தது முழுவதையும் எழுதினேன். எழுத்துகள் கூடிவிட்டன, சுருக்குக என்று சிவப்பில் வந்தது. ஜீப் வந்த வரிகளை எடுத்தேன். இன்னும் கூடுதல் என்றது. ஓலையை எடுத்தேன், என் மன்னிப்பை எடுத்தேன். கடைசியில் ஒரே வரியை ஏற்றுக்கொண்டது: அந்தக் குடும்பம் ஒரு மாதம்கூட மாத்திரையை நிறுத்தவில்லை.